ஓடாத காருக்கு ஓடிக்கொண்டிருக்கும் கடன்: கேமரன் மலைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேமரன் மலைத் தோட்டங்களின் லயத்து வீட்டு வரிசைகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். வீட்டின் ஓரத்தில் கேன்வாஸ் போர்த்திய ஒரு பழைய கார் நிற்கும். டயரில் காற்று இருக்காது, கண்ணாடியில் பாசி படிந்திருக்கும். இஞ்சின் போய்விட்டது, அல்லது கியர் பெட்டி போய்விட்டது. பட்டறைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு மலைத்துப்போய், "பிறகு பார்ப்போம்" என்று நிறுத்திய கார் அது. ஆனால் கார் நின்றதும் கடன் நிற்கவில்லை. மாதம் பிறந்தால் தவணை வந்து நிற்கிறது.

"ஓடாத காருக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்பது மனித இயல்பு. பலர் அந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சிலர் தவணையை நிறுத்திவிட்டு வங்கியின் அழைப்பை எடுக்காமல் இருக்கிறார்கள். சிலர் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் "சம்போங் பாயார்" என்று யாரிடமோ சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றுமே கடனைத் தீர்ப்பதில்லை. பின்னிரண்டும் காவல்துறை, நீதிமன்றம் வரை கொண்டுபோய் விடக்கூடியவை.

நவீனக் கார்களும் நல்ல சம்பளமும் உள்ள பட்டணத்தில் இது ஒரு தொல்லை. தோட்டத்தில் இது ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருமானத்தைத் தின்னும் பிரச்சினை. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மலையில் கார் ஆடம்பரம் அல்ல

1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்தில் வேலை, வீடு, பள்ளி, கோயில், கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. இன்று அப்படி இல்லை. கொழுந்து பறிக்கும் வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே பெரும்பகுதி. நம்மவர்களின் பிள்ளைகள் பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட், கம்போங் ராஜா கடைகளிலும் ஹோட்டல்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வேலை பார்க்கிறார்கள். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே பல கிலோமீட்டர் வளைவுப் பாதை. சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஈப்போ வரை இறங்க வேண்டும். விடியற்காலை வேலைக்கும் இரவு வேலைக்கும் பஸ்ஸை நம்ப முடியாது.

ஆகவே கார் தேவைப்படுகிறது. புதுக் காருக்குக் கை எட்டாது. கஞ்சில், விவா, பழைய சாகா என்று இரண்டாம் கை, மூன்றாம் கைக் கார்களே வாங்கப்படுகின்றன. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவுக்குத் தாப்பாவிலிருந்து ஏறும் சாலையும், சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் சாலையும் பழைய இஞ்சினுக்குச் சோதனைதான். ஏற்றத்தில் இஞ்சின் சூடாகும். இறக்கத்தில் பிரேக் தேயும். சமவெளியில் இன்னும் ஐந்து ஆண்டு ஓடக்கூடிய கார் இங்கே இரண்டு ஆண்டில் படுத்துவிடலாம்.

காருக்கு வயது கூடக் கூட ஆயுள் குறைகிறது. ஆனால் தவணையைக் குறைப்பதற்காகக் கடனின் ஆயுளை மட்டும் ஏழு, எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு நீட்டுகிறோம். கார் முதலில் முடிந்து கடன் பிறகு முடிவதற்கு இதுவே மூல காரணம்.

கார் யாருடையது?

வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ தவணைக்கு எடுத்த கார் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வருகிறது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கடைசித் தவணை கட்டும்வரை நாம் காரை வாடகைக்கு வைத்திருப்பவர். சட்டப்படி உரிமையாளர் கடன் கொடுத்தவர். கெரானில் நம் பெயர் இருந்தாலும், சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் கடன் கொடுத்தவரின் உரிமைக் கோரிக்கையும் இருக்கும். அதை நீக்காமல் காரைப் பெயர் மாற்றவும் முடியாது, அழிப்பதற்காகப் பதிவை ரத்து செய்யவும் முடியாது.

ஆகவே இரும்புக் கடைக்காரர் ஆயிரம் ரிங்கிட் நீட்டினாலும் அந்தக் காரை விற்க நமக்கு உரிமை இல்லை. வாடகைக் கொள்முதலில் உள்ள பொருளை விற்றோ மறைத்தோ வேறு இடத்துக்குக் கொண்டுபோயோ உரிமையாளரை ஏமாற்றுவது அச்சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. "கார்தான் ஓடவில்லையே" என்பது அங்கே பதிலாகாது.

"சம்போங் பாயார்" இதைவிட ஆபத்தானது. வங்கிக்குத் தெரியாமல் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு "நான் தவணை கட்டுகிறேன்" என்பார். இரண்டு மாதம் கட்டுவார். பிறகு கைப்பேசியை அணைத்துவிடுவார். கார் எங்கே என்று தெரியாது. சம்மன் நம் பெயரில் வரும். கடன் நம் பெயரில் ஏறும். அந்தக் கார் ஏதாவது குற்றத்துக்குப் பயன்பட்டால் போலீசும் நம் வீட்டுக்குத்தான் வரும்.

இதற்குச் சட்டமே ஒரு நேர்வழி வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. கடன் கொடுத்தவரின் சம்மதத்தோடு நம் ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு முறையாக மாற்றித் தரலாம். தகுந்த காரணம் இல்லாமல் அந்தச் சம்மதத்தை அவர்கள் மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. காரை ஏற்றுக்கொள்ள உண்மையான ஆள் இருந்தால் அவரை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போவதே சரி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணம். பழைய கார் ஒன்றின் விலை 20,000 ரிங்கிட். முன்பணம் 2,000, சட்டப்படி விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு முன்பணமாகக் கட்ட வேண்டும். கடன் 18,000. நிலையான வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு, காலம் 7 ஆண்டு. வட்டி 6,300 ரிங்கிட். மொத்தம் 24,300. மாதத் தவணை ஏறக்குறைய 289 ரிங்கிட்.

மூன்று ஆண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பிறகு இஞ்சின் போகிறது. இதுவரை கட்டியது சுமார் 10,400. இன்னும் 48 தவணை பாக்கி; கூட்டினால் சுமார் 13,900. முன்கூட்டியே ஒரே தொகையாக அடைத்தால் வட்டியில் தள்ளுபடி உண்டு. நிலையான வட்டி ஒப்பந்தங்களில் வழக்கமாகப் பின்பற்றப்படும் "ரூல் ஆஃப் 78" கணக்குப்படி இங்கே அந்தத் தள்ளுபடி சுமார் 2,075 ரிங்கிட்தான். ஆக, கடனை முடிக்க சுமார் 11,800 ரிங்கிட் வேண்டும். கட்டிய 10,400-இல் 4,200-க்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை வைத்துப் பார்த்தால், பாக்கி கிட்டத்தட்ட ஏழு மாதச் சம்பளம்.

இப்போது இரண்டு வழிகளை ஒப்பிடுவோம்.

முதல் வழி: ஓடாத காரை அப்படியே விட்டுவிடுவது. ஏலத்தில் 1,000 ரிங்கிட் கிடைத்தால் பாக்கி 10,800. அதன் மேல் இழுவை லாரிச் செலவும் தாமதக் கட்டணமும் ஏறும்.

இரண்டாம் வழி: 3,500 ரிங்கிட் செலவில் பழைய இஞ்சின் ஒன்றைப் பொருத்தி, ஓடும் காராக வங்கியின் சம்மதத்தோடு 9,000-க்கு விற்பது. கடனில் பாக்கி 2,800. பழுதுச் செலவு 3,500. மொத்தச் சுமை 6,300.

எல்லாக் காருக்கும் இதே விடை வராது. சேசிஸ் துருப்பிடித்த காருக்கு 3,500 செலவழிப்பது வீண். ஆனால் கணக்கு போடாமல் "பழுது பார்க்கக் காசில்லை" என்று நிறுத்திவைப்பது பெரும்பாலும் விலை கூடிய முடிவு. ஓடும் கார் கடனைக் குறைக்கும். நிற்கும் கார் மலையின் ஈரத்தில் ஒவ்வொரு மாதமும் மதிப்பை இழக்கும். கடனோ அப்படியே இருக்கும்.

சட்டம் நமக்குத் தரும் பாதுகாப்பு

தவணை தவறினால் மறுநாளே காரை இழுத்துப் போய்விடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். சட்டம் அப்படி இல்லை. தொடர்ந்து இரண்டு தவணைகள், அல்லது கடைசித் தவணை தவறியிருக்க வேண்டும். அதன் பிறகு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். கடன் எடுத்தவர் இறந்துவிட்டால், தொடர்ந்து நான்கு தவணைகள் தவறிய பிறகுதான் இந்த நடவடிக்கை. தந்தை பெயரில் கார் இருந்து அவர் தவறிவிட்ட குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காரின் விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காரை எடுக்க முடியாது. எடுக்க வருபவர் அதற்கான பெர்மிட் வைத்திருக்க வேண்டும். பெர்மிட்டையும் அதிகாரக் கடிதத்தையும் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. மிரட்டினால் போலீசில் புகார் செய்யலாம்.

காரை எடுத்த பிறகும் உடனே விற்றுவிட முடியாது. மீண்டும் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதிலிருந்து 21 நாளுக்குள் நிலுவையையும் செலவையும் கட்டி காரைத் திரும்பப் பெறலாம். அல்லது அறிவிப்பில் குறிப்பிட்ட மதிப்புக்குக் குறையாமல் ரொக்கம் கொடுக்கும் ஆளை நாமே கொண்டுவரலாம். ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போவதைத் தடுக்க இது ஒரு நல்ல வாய்ப்பு. ஆனால் கடிதத்தைப் பிரித்துப் படித்தால்தான் இதெல்லாம் பயன்படும். தோட்ட அலுவலகத்துக்கு வரும் பதிவுத் தபால் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தால், 21 நாள் யாருக்காகவும் காத்திருக்காது.

காரை நாமாகவே திருப்பிக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சாவியைக் கொடுத்ததும் கணக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். காரின் மதிப்பைக் கழித்து மீதியைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதில் இழுத்துச் செல்லும் செலவும் அலைச்சலும் மிச்சமாகும். கடன் முழுதாக மறைந்துவிடாது.

வங்கியே வராமல் இருப்பதும் உண்டு. தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இழுத்துப் போகும் செலவுகூடத் தேறாத காரை எடுப்பதில் அவர்களுக்கு லாபமில்லை. அதை "வங்கி மறந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காரை விட்டுவிட்டுப் பணத்துக்கு மட்டும் வழக்குப் போடலாம். சிக்ரிஸ் பதிவில் நம் பெயர் கெட்டுப்போகும். பிறகு மகன் வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் எடுக்க நினைக்கும்போது அப்பாவின் கையெழுத்துக்கு மதிப்பு இருக்காது.

கையெழுத்துப் போட்டவரின் கதி

தோட்டத்தில் கடன் என்றால் பக்கத்து வீட்டு அண்ணனோ மச்சானோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். நாம் வங்கியிடமிருந்து ஒளிந்தால் அவர்கள் அடுத்துத் தேடுவது அவரைத்தான். லாபம் எதுவும் பெறாமல், சொந்தப் பயன்பாட்டு வாகனக் கடனுக்கு ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் சொல்கிறது. இது பெரிய ஆறுதல். ஆனால் அவர்மீது பணத்துக்கு வழக்கே போட முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை.

கடன் எடுத்தவரைப் பொறுத்தவரை திவால் வழக்குக்கான வரம்பு இப்போது 100,000 ரிங்கிட். ஒரு பழைய காரின் கடன் மட்டும் அந்த அளவைத் தொடாது. ஆனால் வரம்புக்குக் கீழே இருப்பதால் கடன் தள்ளுபடியாகிவிடாது. தீர்ப்பு வாங்கினால் சொத்தைப் பறிமுதல் செய்வது போன்ற வேறு வழிகள் அவர்களுக்கு இருக்கின்றன.

என்ன செய்ய வேண்டும்?

கார் நின்ற அதே மாதத்தில் செய்ய வேண்டியவை இவை.

ஒன்று: இரண்டு பட்டறைகளில் பழுதுச் செலவை எழுத்தில் வாங்குங்கள். ஓடும் நிலையில் கார் என்ன விலை போகும், ஓடாத நிலையில் என்ன விலை போகும் என்று பழைய கார் வியாபாரிகள் இருவரிடமாவது கேளுங்கள். காரைப் பட்டறையிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். சாமான்கள் கழன்று போனால் மதிப்பும் போய்விடும்.

இரண்டு: இன்றைய தேதிக்குக் கடனை முடிக்க எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போடுங்கள்.

மூன்று: தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். காலத்தை நீட்டவோ தவணையைக் குறைக்கவோ கேட்கலாம். விற்பதென்றால் வங்கியின் சம்மதத்தோடு விற்று, விற்ற பணம் நேராகக் கடனுக்குப் போகட்டும். மீதியைத் தவணையாகக் கட்ட எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

நான்கு: சமாளிக்க முடியாவிட்டால் ஏகேபிகே அமைப்பை நாடுங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை அமைப்பு இது. கட்டணம் இல்லை. கார்க் கடன், கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வங்கிகளோடு பேசி, நம் வருமானத்துக்கு ஏற்ற திட்டம் போட உதவுகிறது. "கடனைத் தீர்த்துத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஐந்து: கார் வாங்கிய சில வாரங்களிலேயே படுத்துவிட்டால் அது வேறு விவகாரம். விற்றவர் குறையை மறைத்திருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் தவணையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். விற்றவர்மேல் உள்ள கோபத்துக்காக வங்கியிடம் நாம் தவறியவராகக் கூடாது.

ஒன்று மட்டும் செய்யவே வேண்டாம். கார்க் கடனை அடைக்க ஆலோங்கிடம் கடன் வாங்க வேண்டாம். வாடகைக் கொள்முதலில் தாமதக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. ஆலோங்குக்கு எந்த வரம்பும் கிடையாது.

அரசாங்கத் திட்டத்தில் ஓர் ஓட்டை

2025 அக்டோபர் 10-ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட 2026 வரவு செலவுத் திட்டத்தில், 20 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களை அழித்துவிட்டுப் புதிய உள்நாட்டுக் கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி அறிவிக்கப்பட்டது. புரோட்டோன், பெரோடுவா நிறுவனங்களோடு சேர்ந்து 10 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீடு. 2009-இலும் பழைய காரைக் கொடுத்துப் புதிய கார் வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் கழிவு தரும் திட்டம் இருந்தது.

நோக்கம் நல்லது. சாலைப் பாதுகாப்புக்கும் நல்லது. ஆனால் லயத்து வீட்டோரம் நிற்கும் காருக்கு இது எட்டுமா? அந்தக் காருக்கு வயது பெரும்பாலும் பத்துக்கு மேல், இருபதுக்குள். கடன் தீராததால் உரிமைக் கோரிக்கை நீங்காது. அது நீங்காமல் பதிவை ரத்து செய்ய முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும், உதவி கிடைக்க ஒரு புதுக் கார் வாங்க வேண்டும். அதாவது, ஒரு கடனிலிருந்து தப்பிக்க அதைவிடப் பெரிய கடனுக்குள் போக வேண்டும்.

பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் கடன் சட்டப்படி, மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியவர் காரைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். காரை ஒழுங்காகப் பராமரித்திருந்தால் அதற்கு மேல் அவர் கொடுக்க வேண்டியதில்லை. நம் சட்டத்தில் அப்படி ஒரு எல்லைக்கோடு இல்லை. இங்கே பாதி கட்டியவரும் கால்வாசி கட்டியவரும் காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரே மாதிரி பாக்கிக் கணக்கைத்தான் எதிர்நோக்குகிறார்கள்.

இதை மாற்ற வேண்டும் என்று கேட்பது நியாயமே. குறைந்த வருமானக் குடும்பங்களின் பழைய கார்களுக்காவது இந்தப் பாதிக் கணக்கைப் பரிசீலிக்கலாம். பத்து வயதுக் காருக்கு நீண்ட காலக் கடன் கொடுக்கும்போது காரின் ஆயுளைப் பார்த்துக் கொடுங்கள் என்று நிதி நிறுவனங்களைக் கேட்கலாம். கார் அழிப்பு உதவியைக் கடனை முடிப்பதற்கும் பயன்படுத்த அனுமதிக்கலாம். மலைத் தோட்டங்களுக்குக் காலையும் மாலையும் ஒழுங்கான பஸ் ஓடினால், பாதிப் பேருக்கு இந்தக் காரே தேவைப்படாது. தேர்தல் காலத்தில் கேமரன் மலைக்கு ஏறிவரும் கார்களுக்குக் குறைவில்லை. அதில் வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். கார் நின்ற அன்றே கணக்கைத் தொடங்க வேண்டும். ஒரு மாதத்தில் பேசினால் தவணையைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். ஆறு மாதம் கழித்துப் பேசினால் வழக்கறிஞர் கடிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். கேன்வாஸ் போர்த்தி மூடினால் கார் மறையும், கடன் மறையாது. உங்கள் வீட்டருகே அப்படி ஒரு கார் நிற்கிறதென்றால், இந்த வாரமே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.